இணைப்பின் நிறம்: மட்டாஞ்சேரி அரண்மனைத் தரையும் புதுமுறை மேடைப்பலகைகளும்

இரு துண்டுகளை ஒட்டி ஒன்றாக்குதல் எளிது. ஒட்டிய இடம் கண்ணுக்குப் புலனாகாதவாறு ஒட்டுதல் அரிது. பசையின் பிடிப்பு எவ்வளவு உறுதியாயிருப்பினும், அதன் நிறம் சிறிது மாறுபடுமாயின் மேடையின் நடுவே மயிரிழை போன்றதொரு கோடு தோன்றி, வேலை முழுவதையும் குறையுடையதாகக் காட்டிவிடும். இக்காலத்தில் மருத்துவமனை, விடுதி, ஆய்வுக்கூடம், சமையலறை ஆகியவற்றில் செயற்கைப் பலகைகளாலான மேடைகள் பெருகி வருகின்றன. ஆதலின் பசையின் நிறத்தைத் தெரிந்தெடுக்கும் முறையையும், அதற்கு அடிப்படையான ஒளியியல் உண்மைகளையும் வெளிக்கள ஊழியரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

மட்டாஞ்சேரியில் காணும் இரு தரைகள்

இப்பொருளைப் பற்றி ஆராய்வதற்குக் கொச்சி நகரின் பகுதியாகிய மட்டாஞ்சேரி மிகவும் ஏற்ற இடமாகும். அங்குள்ள அரண்மனையைப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். 1663-க்குப் பின்னர் டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்தமையால் அது 'டச்சு அரண்மனை' என்றும் வழங்கலாயிற்று. இன்று இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இராமாயணச் சுவரோவியங்களைக் காண வருவோர் பலரும் காலடியிலுள்ள தரையைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் அதனை மெருகிட்ட கரும் பளிங்குக் கல் என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது கல்லன்று. சுட்ட தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறுகள், முட்டை வெண்கரு ஆகியவற்றின் கலவையால் ஆனது. கல்லை அறுத்துப் பதிக்காமல் கலவையைத் தரையின் மீதே பரப்பித் தேய்த்து மெருகிட்டமையால், கற்களுக்கிடையே காணும் இணைப்புக் கோடு அதில் இல்லை.

இதற்கு மாறானதொரு தரையை அரண்மனைக்கு அண்மையில் உள்ள பரதேசி யூத ஆலயத்தில் காணலாம். 1568-இல் எழுப்பப்பட்ட அவ்வாலயத்தின் தரையில், 18-ஆம் நூற்றாண்டில் சீன நாட்டினின்று வந்த நீல வெள்ளை ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. கையால் வரையப்பட்டவையாதலின் ஓர் ஓட்டைப்போல் மற்றோர் ஓடு இராது என்பர். இங்கு இணைப்பு மறைக்கப்படவில்லை. ஒவ்வோர் ஓட்டையும் தனித்துக் காட்டும் சட்டமாகவே அது அமைந்துள்ளது. ஆகவே இணைப்பை மறைப்பதா, காட்டுவதா என்பது பொருளின் இயல்பையும் நோக்கத்தையும் பொறுத்ததாகும்.

புதிய பலகையின் அமைப்பு

வியாபாரிகள் 'சாலிட் சர்பேஸ்' என வழங்கும் பலகை 1967-இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் உருவாயிற்று. 'கோரியன்' என்பது அதன் வியாபாரப் பெயர். பின்னர் வேறு பல நிறுவனங்களும் இத்தகைய பலகைகளைச் செய்யத் தொடங்கின. இதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாக்சைட் தாதுவினின்று பெறப்படும் நீரேறிய அலுமினாத் தூள். எஞ்சியதில் பெரும்பகுதி அக்ரிலிக் பிசின். சிறிதளவு நிறமிகளும் சேர்ந்திருக்கும். மேற்பரப்பில் மட்டும் நிறம் பூசிய பலகையன்று இது. அடி முதல் முடி வரை ஒரே பொருளாதலின் எவ்வளவு தேய்த்தாலும் நிறம் மாறுவதில்லை. இணைப்பைத் தேய்த்து மறைக்க இயல்வதும் இக்காரணம் பற்றியே.

இணைப்புப் பசையும் அக்ரிலிக் இனத்தைச் சேர்ந்ததே. இரு அறைகளுள்ள குழாயில் ஒருபுறம் நிறமேற்றிய பிசினும், மறுபுறம் அதனை இறுகச் செய்யும் ஊக்கியும் இருக்கும். பெரும்பாலும் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் இவை முனையிலுள்ள குழலில் கலந்து வெளிவரும். சாதாரண உஷ்ணநிலையில் அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்குள் பசை இறுகிவிடும். இறுகிய பின் அதனைக் கரைத்து எடுக்க வழியில்லை. நிறம் தவறிவிட்டால் இணைப்பை வாளால் அறுத்து நீக்கி, பலகையின் நீளத்தை இழந்து, மீண்டும் ஒட்டவேண்டும். விலையுயர்ந்த பலகையும் ஒரு நாள் உழைப்பும் ஒரு குழாய்ப் பசையின் தேர்வில் அடங்கியிருக்கின்றன.

கோடு தோன்றுவது ஏன்?

பலகையின் மீது விழும் ஒளி முழுவதும் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதில்லை. ஒரு பகுதி சிறிது உட்சென்று, அங்குள்ள தூள்களில் பட்டுச் சிதறி வெளிவருகின்றது. அக்ரிலிக் பிசினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.49; அலுமினாத் தூளினது ஏறத்தாழ 1.57. இவ்விரண்டின் வேறுபாடு சிறிதாதலின் ஒளி சற்று ஆழம் வரை செல்கின்றது. பலகைக்குரிய மென்மையான தோற்றம் இதனால் விளைவதே. வெண்ணிறத்துக்காகச் சேர்க்கப்படும் டைட்டானியம் டையாக்சைடின் எண்ணோ 2.5-க்கும் மேற்பட்டது, அது ஒளியை வலிமையாகச் சிதறடிக்கின்றது.

நிறமற்ற தெளிந்த பசையை வெண்பலகையில் இட்டால் கோடு மறையும் என்று சிலர் கருதுவர். அவ்வாறு நிகழ்வதில்லை. தெளிந்த பசையில் ஒளியைச் சிதறடிக்கும் தூள் இன்மையால் அதனுட் புகுந்த ஒளி ஆழச் சென்றுவிடும். பலகையின் பிறவிடங்களைப்போல் அவ்வளவு ஒளி கண்ணுக்குத் திரும்பி வராது. ஆதலின் அவ்விடம் கருங்கோடாகத் தோன்றும். பசை பலகையின் நிறத்தை மட்டுமன்றி, ஒளியைச் சிதறடிக்கும் அதன் தன்மையையும் ஒத்திருத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை வகுப்பில் விளக்க ஒரு துளி தேங்காயெண்ணெய் போதும். வெள்ளைத் தாளில் அதனை வைத்துத் தடவுக. தாளை ஒரு கருநிற மேசையின் மீது வைத்துப் பார்த்தால் எண்ணெய் பட்ட இடம் இருண்டும், சன்னலுக்கெதிரே பிடித்துப் பார்த்தால் ஒளிர்ந்தும் காணப்படும். தாளின் நார்களுக்கிடையே இருந்த காற்று நீங்கி, நார்க்கு நெருங்கிய ஒளிவிலகல் எண்ணுடைய எண்ணெய் அவ்விடத்தை நிரப்பியதால் சிதறல் குறைந்தது. தாளின் நிறமி மாறவில்லை. ஒளியின் வழியே மாறிற்று.

அரண்மனைத் தரையின் கருமையையும் இவ்வாறே விளக்கலாம். கரி ஒளியை விழுங்குகின்றது. எனினும் மேற்பரப்பு சொரசொரப்பாயிருந்தால் ஒளி பல திசையிலும் சிதறி, கருமையின் மீது சாம்பல் திரையிட்டதுபோலாகும். மெருகேறிய பரப்பில் அவ்வொளி ஒரே திசையில் திரும்பிவிடுகின்றமையால் கருமை ஆழ்ந்து காணும். கரும் மேடைப்பலகைகளில் உப்புத்தாளின் கீறல்கள் வெண்மையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். ஆதலின் கரும்பலகையில் பசையின் நிறம் சரியாயிருந்தும் இணைப்பு தெரிந்தால், முதலில் மெருகைச் சோதிக்க வேண்டும், நிறத்தைக் குறைகூறலாகாது.

நிறத்தைத் தெரிந்தெடுக்கும் முறை

பலகை செய்வோர் ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய பசையின் எண்ணை அட்டவணையாக வெளியிடுகின்றனர். அதனை முதற் படியாகக் கொள்க; முடிவாகக் கொள்ளற்க. பின்வருவனவற்றையும் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, ஒட்டப்படும் பலகைகள் ஒரே தொகுதியில் வார்க்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். பின்புறத்தில் அச்சிட்ட எண்ணைக் கொண்டு இதனை அறியலாம். இரு பலகைகளின் நிறமே வேறுபடுமாயின் எந்தப் பசையும் அதனை மறைக்காது.

இரண்டாவது, புள்ளியும் துகளும் கலந்த பலகையில் துகளின் நிறத்தைப் பாராது, அவற்றுக்கிடையே பரந்துள்ள அடிநிறத்தையே ஒப்பிடுக. துகளின் நிறமுடைய பசை நீண்டதொரு கோடாகத் தெரியும். அடிநிறப் பசையோ துகள்களுக்கிடையே மறைந்துவிடும்.

மூன்றாவது, குழாயிலுள்ள ஈரப் பசையைக் கொண்டு நிறத்தைத் தீர்மானிக்கலாகாது. இறுகும்போது நிறம் சிறிது மாறக்கூடும். வெட்டி எஞ்சிய இரு துண்டுகளை ஒட்டி, இறுகிய பின் தேய்த்து, மேடைக்கு எந்த மெருகு இடப்படுமோ அதே மெருகிட்டுப் பார்க்க வேண்டும். இரு பசைகளுக்கிடையே ஐயம் எழுமாயின் இரண்டையும் இவ்வாறு சோதித்து முடிவு செய்க.

நான்காவது, எவ்வொளியில் பார்க்கிறோம் என்பது முக்கியம். பகலொளியில் ஒத்துத் தோன்றும் இரு நிறங்கள் இழைவிளக்கின் மஞ்சளொளியில் வேறுபட்டுத் தோன்றக்கூடும். இரண்டிலும் உள்ள நிறமிகள் வேறாயிருந்து, ஓர் ஒளியில் மட்டும் ஒரே உணர்ச்சியைக் கண்ணுக்கு அளிப்பதால் இது நிகழும். சோதனைத் துண்டைப் பகலொளியில் ஒருமுறையும், மேடை அமையவிருக்கும் அறையின் விளக்கொளியில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். துணிக்கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பவர் இவ்விதியை அனுபவத்தால் அறிந்தவரே.

நிறம் சரியாயினும் கெடுப்பவை

ஓரங்கள் நேராகவும் சில்லின்றியும் இருத்தல் வேண்டும். ஒட்டுமுன் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். சாயத் துணியின் சாயமும் கைவிரலின் அழுக்கும் இணைப்பில் தங்கிக் கோடாகிவிடும். கிளாம்பை அளவுக்கு மேல் முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, இணைப்பு வறண்டு வலிமையிழக்கும். ஒட்டிய இடத்தின் மேல் பசை சிறிது எழும்பி நிற்கட்டும். முற்றும் இறுகிய பின்னரே அதனைச் சீவித் தேய்க்க வேண்டும். முந்தித் தேய்த்தால் இணைப்பில் பள்ளம் விழும். அப்பள்ளத்தில் படியும் அழுக்கு நாளடைவில் கோட்டைக் காட்டிக் கொடுக்கும். மருத்துவமனை மேடையில் இத்தகைய பள்ளம் தோற்றக்குறை மட்டுமன்று. கிருமிகள் தங்குமிடமும் ஆகும்.

வெப்பத்தால் இப்பலகை விரிவடையும். 3 மீட்டர் நீளமுள்ள பலகை 10 டிகிரி சென்டிகிரேடு உயர்வுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளும். ஆதலின் சுவரோரத்தில் இடம் விடுதல் வேண்டும். அடுப்பும் கழுவுதொட்டியும் பொருந்தும் துளைகளின் மூலையில் இணைப்பை அமைத்தலும் தகாது.

மறைத்தல் தகாத இடம்

இதுகாறும் கூறியவை புதுமேடைகளுக்கே உரியன. பழஞ்சின்னங்களுக்கு விதி வேறு. அரண்மனைத் தரை போன்ற சுண்ணாம்புப் பரப்பில் வெடிப்போ பள்ளமோ ஏற்பட்டால், நிறம் ஒத்திருப்பது ஒன்றையே கருதிக் கருஞ்சிமெண்டாலோ செயற்கைப் பிசினாலோ அடைத்தல் பெருங்கேடாகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல இறுகுவது, நுண்துளைகளையுடையது, ஈரம் அதன் வழியே வந்துபோகும். கடினமான சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடுமாதலின், கடற்காற்றும் உப்பும் மிகுந்த கொச்சியில் ஈரம் சுற்றியுள்ள பழம்பகுதிக்குத் திரும்பி அதனை உதிரச் செய்யும். ஒட்டு நிலைக்கும், மூலம் அழியும்.

அன்றியும், 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், குறைந்த பகுதிகளை ஈடுசெய்வது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆயினும் மூலத்தினின்று வேறு பிரித்தறியக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என விதிக்கின்றது. இத்தாலியில் ஓவியங்களைச் செப்பனிடுவோர் அழிந்த இடத்தை நுண்ணிய நிறக்கோடுகளால் நிரப்புவர். தொலைவிலிருந்து நோக்கின் அவை ஓவியத்தோடு கலந்துவிடும். அருகே வந்தால் புதியவை என்பது புலனாகும். வருங்கால ஆராய்ச்சியாளன் பழையது எது, புதியது எது என்று மயங்காதிருக்கச் செய்யும் ஏற்பாடு இது.

நிறங்களை ஒப்பிடும் திறமை இவ்விரு துறைக்கும் பொதுவே. சமையல் மேடையில் அத்திறமையைக் கோடு மறையும் வரை செலுத்தலாம். தொல்சின்னத்தில் மறைவதற்கு ஒருபடி முன்னரே நிறுத்திக்கொள்ள வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களில் ஒரு சிறு வெடிப்பைக் காணும் ஊழியர், கைக்குக் கிடைத்த பசையைப் பூசாது உரிய துறைக்கு அறிவிப்பதே கடமையாகும்.