மிஞ்சிய கோழி மெத்தென்று இருக்க...

முதல் நாள் இரவு ஓட்டலிலிருந்து தந்தூரிக் கோழி வருகிறது. மணம் தெருவைத் தூக்குகிறது! ஆசைக்கு ஒரு தட்டு அதிகமாகவே வாங்கியாயிற்று; நாலைந்து துண்டுகள் மிஞ்சியும் விட்டன. மறுநாள் மத்தியானம் அவற்றைத் தோசைக்கல்லில் புரட்டிச் சுடச்சுடப் பரிமாறுகிறீர்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் கடித்துவிட்டு, "என்னம்மா இது, கோழியா, தேங்காய் நாரா?" என்று கேட்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். குற்றம் உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. வறட்டு நெருப்பில் இருக்கிறது. சூட்டோடு ஈரத்தையும் கொடுத்தால் காரியம் ஜெயம்தான்.

ஏன் வறண்டு போகிறது?

பச்சை இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடு ஏற ஏற அதன் நார்கள் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல் சாற்றை வெளியே தள்ளுகின்றன. சுமார் 65 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் இந்தப் பிழிதல் பலமாகிவிடும். முதல் நாள் தணலில் சுட்டபோதே ஒரு முறை பிழிந்தாயிற்று. மறுநாளும் வறட்டுக் கல்லில் போட்டுப் பிழிந்தால் மிச்சம் என்ன இருக்கும்? கொழுப்புக் குறைந்த நெஞ்சுத் துண்டுதான் முதலில் நாராகும். கால் துண்டு சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

தில்லியில் பிறந்த யோசனை

இந்தச் சங்கடம் பெரிய ஓட்டல்களுக்கும் உண்டு. தேசப் பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்தவர்கள் 1947-ல் தில்லி தரியாகஞ்சில் 'மோதி மஹால்' என்ற ஓட்டலைத் தொடங்கினார்கள். அங்கே மிஞ்சிய தந்தூரிக் கோழி காய்ந்து போகாமலிருக்க, தக்காளியும் வெண்ணெயும் பாலேடும் சேர்ந்த குழம்பில் போட்டார்களாம். அதுதான் 'பட்டர் சிக்கன்' பிறந்த கதை என்று சொல்வார்கள். அதை முதலில் செய்தவர் யார் என்ற சண்டை 2024-ல் தில்லி உயர்நீதிமன்றம் வரை போய்விட்டது! வழக்கு எப்படியானால் என்ன? வறண்ட இறைச்சிக்கு ஈரமும் கொழுப்பும்தான் மருந்து என்ற பாடம் நமக்குப் போதும்.

வீட்டில் செய்யும் முறை

சாப்பிடப் போகும் அளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளைச் சிறிதாக்கி, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கள். வாட்டிய வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி, தண்ணீர் கொதிக்கும் இட்லிப் பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். சிறு துண்டுகளுக்குப் பத்து நிமிஷம்; எலும்போடு கூடிய கால் துண்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம். பிரித்துப் பார்த்தால் எலும்பை ஒட்டிய சதையிலும் ஆவி பறக்க வேண்டும்.

மேலே மொறுமொறுப்பு வேண்டுமா? நன்றாகக் காய்ந்த கல்லில் பக்கத்துக்கு அரை நிமிஷம் காட்டி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எலுமிச்சம்பழத்தைச் சாப்பிடும்போது பிழிந்தால் போதும்.

மைக்ரோவேவ் அடுப்பு உள்ளவர்கள் தண்ணீர் தெளித்து, தட்டை மூடி, பாதிச் சக்தியில் ஒவ்வொரு நிமிஷமாகச் சுட வையுங்கள். நடுவில் திருப்பிப் போடுங்கள். எடுத்தபின் இரண்டு நிமிஷம் மூடியே இருக்கட்டும். சூடு உள்ளே சமமாகப் பரவும்.

இதைவிட முக்கியமான விஷயம்

"நன்றாகக் கொதிக்க வைத்தால் எந்தக் கிருமியும் செத்துவிடும்" என்று நம்பி, இரவு முழுவதும் கோழியை மேஜைமேலேயே விட்டுவிடும் வீடுகள் உண்டு. இது ஆபத்தான நம்பிக்கை. பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் 'ஸ்டாபிலோகாக்கஸ்' போன்ற சில கிருமிகள் அதற்குள் கக்கிவிட்ட விஷம் கொதியிலும் அழியாது. வாந்தியும் பேதியும் குழந்தைகளையும் வயோதிகர்களையும் கர்ப்பிணிகளையும்தான் அதிகமாக வாட்டும்.

ஆகையால், மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில், 32 டிகிரிக்கு மேல் புழுங்கும் நாட்களில், ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஓட்டலிலிருந்து வீடு வந்த நேரத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, இறுக மூடி வையுங்கள். சீக்கிரம் குளிரும், ஈரமும் போகாது. பெட்டியின் குளிர் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மூன்று அல்லது நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். சுட வைக்கும்போது உட்சதை 74 டிகிரிக்கு வர வேண்டும். ஒரு தடவை சுட வைத்ததில் மிஞ்சியதை மறுபடியும் சுட வைக்க வேண்டாம்.

"இவ்வளவு சூடு கொடுத்தால் மறுபடியும் நாராகாதா?" என்று கேட்பீர்கள். மூடிய பொட்டலத்துக்குள் ஆவி சூழ்ந்திருப்பதால் மேற்புறம் காய்வதில்லை. கசியும் சாறும் இலையிலேயே தங்குகிறது. அந்தச் சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள், துண்டுகளின் மேலேயே ஊற்றிப் பரிமாறுங்கள்.

ஒன்றிரண்டு துண்டுதான் மிச்சமா? சதையைப் பிய்த்து, தக்காளி வெங்காய மசாலாவில் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். சப்பாத்திக்கு அன்று வேறு குழம்பு தேட வேண்டியதில்லை!