பாட்டுப் பெட்டி கம்ப்யூட்டரோடு ஏன் பேச மாட்டேங்குது?



எம்.பி.3 பிளேயர் என்றால் எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி மாதிரி சின்னதாக இருக்கும், காதில் வயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கலாம். செல்போன் வந்த பிறகு அதை வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் நம்ம ஊரில் பெரியவங்க சிலர் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் பாடும், நடுவில் யாரும் போன் பண்ண மாட்டாங்க. எங்க ஆயாவிடமும் ஒன்று இருக்கிறது. அதில் அருட்பா பாடல்கள் நிறைய உண்டு. அதோடு எங்க தாத்தா அதிலேயே பாடிப் பதிவு செய்த 11 பாட்டும் இருக்கிறது. தாத்தா இப்போது இல்லை. அந்த 11 பாட்டு வேறு எங்கேயும் இல்லை.

இந்தப் பிளேயர்களுக்கு ஒரு நோய் வரும். நேற்று வரை கம்ப்யூட்டரில் செருகினால் ஒழுங்காக 'சிங்க்' ஆகியிருக்கும். கம்ப்யூட்டரில் ஏதோ அப்டேட் ஓடும். மறுநாள் செருகினால் ஒன்றும் வராது. பிளேயர் பாடும், சார்ஜ் ஏறும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது கண்ணிலேயே படாது. கடைக்குக் கொண்டு போனால் "ஃபார்மட் அடிச்சிடலாம்மா" என்று உடனே சொல்லிடுவாங்க. ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் வழித்துவிடுவது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கு.

முதலில் சிங்க் என்றால் என்ன? பாட்டைக் காப்பி எடுப்பது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. அது இல்லை. இரண்டு பட்டியலை ஒன்றுபோல ஆக்குவதுதான் சிங்க். நம்ம டீச்சரிடம் வருகைப் பதிவேடு இருக்கு. லீடரிடம் ஒரு நோட்டில் பெயர்ப் பட்டியல் இருக்கு. "இரண்டும் ஒண்ணா இருக்கணும்" என்று டீச்சர் சொன்னால் லீடர் என்ன செய்வாள்? பதிவேட்டில் உள்ள பெயர் நோட்டில் இல்லை என்றால் எழுதிக்கொள்வாள். நோட்டில் இருந்து, பதிவேட்டில் இல்லாத பெயரை அடித்துவிடுவாள். இங்கே பதிவேடு கம்ப்யூட்டரில் இருக்கு. பிளேயர் வெறும் நோட்டுதான்!

தாத்தாவின் பாட்டு நோட்டில் மட்டும் இருக்கிற பெயர் மாதிரி. அப்டேட் ஆகும்போது சில மென்பொருளில் பழைய பாட்டுப் பட்டியல் காலியாகிவிடுவது உண்டு. அந்த நேரத்தில் 'சிங்க் செய்யவா?' என்று கேட்கும்போது நாம் சரி என்று அழுத்தினால், காலிப் பதிவேட்டைப் பார்த்து நோட்டு முழுக்க அடித்த மாதிரி ஆகிவிடும். ஆப்பிள் கம்பெனி 2001 அக்டோபரில் ஐபாட் என்ற பிளேயரைக் கொண்டுவந்தது. அதை ஐட்யூன்ஸ் என்ற மென்பொருளோடு சிங்க் செய்வாங்க. வேறொருத்தர் கம்ப்யூட்டரில் செருகினால், இதில் இருப்பதை அழித்துவிட்டு இந்தக் கம்ப்யூட்டர் பாட்டுகளைப் போடவா என்று அது கேட்கும். கேட்பது நல்லதுதான், ஆனால் நாம் படித்துப் பார்க்காமல் அழுத்திவிடுகிறோமே.

சரி, கோளாறுக்கு வருவோம். முதல் சந்தேகம் அப்டேட் மேல் வர வேண்டாம், வயர் மேல் வரட்டும். சாதாரண யு.எஸ்.பி. வயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பி இருக்கும். இரண்டு கரண்ட்டுக்கு, இரண்டு தகவலுக்கு. விலை குறைந்த சார்ஜ் வயர் சிலவற்றில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. உடைந்தும் போயிருக்கலாம். அப்போது சார்ஜ் மட்டும் ஏறும், நாமும் "வயர் நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாந்துவிடுவோம். அதே வயரில் வேறு ஒரு போனை மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் வேறு துளையிலும் செருகிப் பார்க்கணும்.

வயர் நல்லது என்றால் அடுத்தது அடையாளம். நம்ம ஊர் தருமச்சாலையில் 1867-லிருந்து யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுறாங்க. கம்ப்யூட்டர் அப்படி இல்லை! எதைச் செருகினாலும் முதலில் "நீ யார்?" என்று கேட்கும். பிளேயர் உடனே இரண்டு எண் சொல்லும். ஒன்று கம்பெனியின் எண், இன்னொன்று பொருளின் எண். அதை வைத்துத்தான் இதோடு பேசுவதற்கு எந்த டிரைவர் வேண்டும் என்று கம்ப்யூட்டர் தேடும். டிரைவர் என்றால் பஸ் ஓட்டுபவர் இல்லீங்க, நடுவில் நின்று மொழிபெயர்க்கிற ஒரு சின்ன மென்பொருள். அப்டேட் வரும்போது இந்த மொழிபெயர்ப்பாளர் மாறிவிடுவார். புதியவருக்கு நம்ம பழைய பிளேயரின் பேச்சுப் புரியாவிட்டால் போச்சு.

இந்த அடையாள எண்ணுக்காக ஒரு சண்டையே நடந்திருக்கு. 2009 ஜூன் மாதம் அமெரிக்காவில் பாம் என்ற கம்பெனி 'ப்ரீ' என்ற செல்போனை வெளியிட்டது. அதை ஐட்யூன்ஸில் செருகினால் தன்னை ஐபாட் மாதிரியே காட்டிக்கொண்டு பாட்டை எல்லாம் சிங்க் செய்துகொள்ளும். ஆப்பிள் சும்மா இருக்குமா? ஜூலையில் ஐட்யூன்ஸுக்கு ஒரு அப்டேட் விட்டது, ப்ரீ சிங்க் ஆவது நின்றுபோச்சு. சில நாளிலேயே பாம் தன் போனுக்கு ஒரு அப்டேட் விட்டு, ஆப்பிள் கம்பெனியின் எண்ணையே சொல்ல வைத்தது. திரும்பவும் சிங்க் ஆனது. செப்டம்பரில் ஐட்யூன்ஸ் 9 வந்தது, திரும்பவும் நின்றது. யு.எஸ்.பி. எண்களைக் கொடுக்கிற அமைப்பு, அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்வது தப்பு என்று பாம் கம்பெனிக்குச் சொல்லிவிட்டது. பொய் சொன்னது தப்புதான். ஆனால் காசு கொடுத்துப் போன் வாங்கியவங்க ஒரு தப்பும் செய்யலையே, காலையில் எழுந்து பார்த்தால் அவங்க பாட்டுதான் நின்றுபோச்சு.

இப்போது முக்கியமான இடம். பழைய பிளேயர் பலவற்றில் செட்டிங்ஸுக்குள் 'யு.எஸ்.பி. மோட்' என்று ஒன்று இருக்கும். அதில் எம்.டி.பி., எம்.எஸ்.சி. என்று இரண்டு வழி. எம்.எஸ்.சி. வைத்தால் பிளேயர் ஒரு பென் டிரைவ் மாதிரி தெரியும். அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு "நீயே எடுத்துக்கோ" என்று சொல்வது போல. எம்.டி.பி. வைத்தால் பிளேயர் கடைக்காரர் மாதிரி. நாம் வெளியே நின்று கேட்கணும், அவர் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார். சிங்க் மென்பொருள் பலதும் கடைக்காரரோடுதான் பேசும். அந்தப் பேச்சுக்கான டிரைவர் கெட்டுப்போனாலும் அலமாரி வழி திறந்தே இருக்கும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

பிளேயருக்குள்ளேயும் ஒரு மென்பொருள் உண்டு, அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதிலும் தப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் 'ஸூன்' என்ற பிளேயரில் 30 ஜி.பி. மாடல்கள் 2008 டிசம்பர் 31 அன்று அப்படியே உறைந்துவிட்டன. 2008 லீப் வருடம், அன்று 366-வது நாள். அந்த 366 என்ற எண் வந்ததும் உள்ளே இருந்த கடிகாரக் கணக்கு வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வைத்தியம் என்ன தெரியுமா? பேட்டரி தீரும் வரை விட்டுவிட்டு, ஜனவரி 1 மதியத்துக்கு மேல் சார்ஜ் போட்டு ஆன் செய்வது. அவ்வளவுதான். அழிக்கவே வேண்டாம்! ஃபர்ம்வேர் அப்டேட் போடும்போது நடுவில் வயரைப் பிடுங்கக் கூடாது, கரண்ட் போகிற நேரத்திலும் செய்யக் கூடாது. கரண்ட் எடுக்கிற நெய்வேலி பக்கத்திலேயே இருந்தாலும் காற்று மழை என்றால் நமக்கும் போகத்தானே செய்யும்.

எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியப்பா மகள் அக்காவிடம் அவங்க பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கு (அந்தத் திட்டம் 2011-ல் தொடங்கியது). அதில்தான் அப்டேட் ஆனது. வயர் மாற்றினோம், வரல. துளை மாற்றினோம், வரல. டிவைஸ் மேனேஜர் என்ற இடத்தில் பிளேயர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. அக்கா பிளேயரில் எம்.எஸ்.சி. மாற்றினாங்க. டிங் என்று சத்தம், பென் டிரைவ் மாதிரி வந்துவிட்டது. நான் கை தட்டிவிட்டேன்.

வந்தவுடன் சரி செய்ய உட்காரவில்லை. முதலில் தாத்தாவின் 11 பாட்டையும் மடிக்கணினியில் காப்பி எடுத்தோம். அப்புறம் ஒரு பென் டிரைவில், அப்புறம் அப்பா போனின் மெமரி கார்டில். ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டோம், ஏனென்றால் பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஏழாவது பாட்டின் நடுவில் ஆயா "காப்பி ஆறுது" என்று கூப்பிடும் சத்தம் வருது. தாத்தா அதற்குப் பதில் சொல்லாமல் பாடிக்கிட்டே இருக்காங்க. ஆயா அதை மூன்று தரம் கேட்டாங்க.

அதற்குப் பிறகுதான் வைத்தியம். டிவைஸ் மேனேஜரில் அந்த முக்கோணம் போட்ட பெயரை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பிளேயரை எம்.டி.பி.க்கு மாற்றிச் செருகினோம். கம்ப்யூட்டரே புதிதாக டிரைவர் போட்டுக்கொண்டது. முக்கோணம் போச்சு. ஆனால் சிங்க் மென்பொருளைத் திறந்தால் பாட்டுப் பட்டியல் காலி! அதனால் சிங்க் பட்டனை நாங்கள் தொடவே இல்லை. இப்போது புதுப் பாட்டு வேண்டும் என்றால் எம்.எஸ்.சி.யில் வைத்து நாங்களே இழுத்துப் போடுகிறோம். முடிந்ததும் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துத்தான் பிடுங்குகிறோம். பாட்டு போய்ச் சேர்ந்த மாதிரி தெரிந்தாலும் கம்ப்யூட்டர் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கும், பாதியில் பிடுங்கினால் அடுத்த தரம் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டாலும் கேட்கும். கேட்டால் வேண்டாம் என்றே கொடுங்கள்.

எல்லாப் பிளேயருக்கும் இந்த வழி சரிவராது. ஐபாடில் எம்.டி.பி., எம்.எஸ்.சி. என்று மாற்றுகிற செட்டிங் கிடையாது. ஆப்பிள் கம்பெனி 2019-ல் தன் மேக் கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸை எடுத்துவிட்டு அந்த வேலையை வேறு இடத்துக்கு மாற்றியது, 2022 மே மாதம் ஐபாடையே நிறுத்திவிட்டது. வீட்டில் பழைய ஐபாட் வைத்திருப்பவர்கள் அது ஒழுங்காகத் தெரிகிற கம்ப்யூட்டரிலேயே பாட்டை ஒரு காப்பி வைத்துவிட்டு, அப்புறம் அப்டேட் போடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிளேயரின் வயர் நல்லதா என்று பார்க்க வேண்டும் என்றால் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். தகவல் கம்பியோடு நல்ல வயர் ஒன்று என்னிடம் இருக்கு, சின்ன முனை. பிளேயரைப் பள்ளிக்குக் கொண்டு வருவதற்கு முன்னால் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

- 9-ஆம் வகுப்பு மாணவி