குதிக்காத கேப்டனும் என் மகனின் தமிழும்



வீடியோ கேம் என்றாலே நம்மில் பலருக்கு வேப்பங்காய். "கண்ணு கெட்டுப் போகும், படிப்பு கெட்டுப் போகும்" என்று நாம் சொல்வதும், "இன்னும் அஞ்சே நிமிஷம்மா" என்று பிள்ளைகள் கெஞ்சுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஆடுகிற விளையாட்டும் இருக்கிறது. அது எங்கள் வீட்டில் செய்த நன்மையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருப்பது டோக்கியோவில், இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாய் பகுதியில். மகனுக்கு 9 வயது. ஜப்பானியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். பள்ளியிலும் பார்க்கிலும் ஜப்பானிய மொழிதான். வீட்டில் தமிழில் கேட்டாலும் ஜப்பானிய மொழியில்தான் பதில் வரும். எனக்கோ காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் அந்த மொழி தெரியும். பெற்ற பிள்ளை பேசுவதில் பாதி புரியாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வீடியோ காலில் வருவார். "சாப்பிட்டேன் பாட்டி, நல்லா இருக்கேன் பாட்டி" என்ற இரண்டே வரியோடு பையன் ஓடிவிடுவான். அந்த அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்க முடியாது.

முதுகில் மூட்டை!

விளையாட்டின் பெயர் 'கேப்டன் டோட்: ட்ரெஷர் ட்ராக்கர்'. ஜப்பானில் 'சுசுமே! கினோபியோ தைச்சோ' என்பார்கள். 'முன்னேறு, கேப்டன் கினோபியோ' என்று அர்த்தம். தயாரித்தது நின்டெண்டோ. 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கி, பிறகு மாரியோ விளையாட்டுகளால் உலகப் புகழ் பெற்ற கம்பெனி. மாரியோ கதையில் காளான் குடை போன்ற தலையோடு ஒரு குட்டி ஆள் வருவானே, அவன்தான் கேப்டன். 2013-ல் வந்த 'சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட்' என்ற விளையாட்டில் சில கட்டங்களில் தலைகாட்டியவனுக்கு, 2014-ல் 'வீ யூ' என்ற கருவியில் தனி விளையாட்டே கிடைத்துவிட்டது.

மாரியோ துள்ளிக் குதித்தே பேர் வாங்கியவர். நம் கேப்டனால் குதிக்கவே முடியாது. முதுகில் அவ்வளவு கனமான மூட்டை! நடப்பான், ஓடுவான், ஏணி ஏறுவான், மேலிருந்து கீழே விழுவான். அவ்வளவுதான். அதனால் விரல் வேகம் அதிகம் தேவையில்லை. யோசனைதான் வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வசதி?

ஒவ்வொரு கட்டமும் நாம் கொலுவுக்குக் கட்டும் பார்க் மாதிரி இருக்கும். சின்னக் குளம், மலை, பாலம், மாளிகை எல்லாம் கைக்கு அடக்கமாக. ஜப்பானியர்களும் பெட்டிக்குள் குட்டித் தோட்டம் அமைப்பார்கள், 'ஹாகோனிவா' என்று பெயர். முன்பக்கம் பார்த்தால் வெறும் சுவர். அப்படியே திருப்பினால் பின்னால் ஒரு வாசல். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒரு சந்து. இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து மூன்று ரத்தினங்களையும் ஒரு நட்சத்திரத்தையும் எடுக்க வேண்டும். 70-க்கும் மேற்பட்ட கட்டங்கள் உண்டு.

கதையிலும் ஒரு விசேஷம். முதலில் விங்கோ என்ற ராட்சதப் பறவை, கேப்டனின் தோழி டோடெட்டைத் தூக்கிப் போகிறது, கேப்டன் மீட்கிறான். இரண்டாம் பாகத்தில் பறவை கேப்டனையே தூக்கிப் போக, மூட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள் டோடெட். பெண் அழுதுகொண்டு காத்திருக்கவில்லை, தேடிப் போய் மீட்கிறாள்!

ஆளுக்கொரு கன்ட்ரோலர்

முதலில் எங்களிடம் இருந்தது, கணவரின் நண்பர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய வீ யூ. திரையோடு கூடிய பெரிய பலகை மாதிரி அதன் கன்ட்ரோலர். இந்த விளையாட்டை அதில் ஒருவர்தான் ஆட முடியும். மகன் ஆடுவான், நான் பின்னால் உட்கார்ந்து பட்டாணி உரிப்பேன்.

அந்தக் கருவி அவ்வளவாக விற்கவில்லை. மொத்தமே சுமார் 1 கோடியே 35 லட்சம்தான். 2017-ல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்த 'ஸ்விட்ச்' 15 கோடிக்கு மேல் விற்றது. நல்ல விளையாட்டு பழைய கருவியோடு மறைந்துவிடாமல், 2018 ஜூலையில் இதை ஸ்விட்ச்சுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். கட்டங்கள் பெரும்பாலும் பழையவைதான். ஆனால் ஸ்விட்ச்சின் கன்ட்ரோலர் இரண்டாகக் கழன்று வரும். ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு இருவர் ஆடலாம். 2019-ல் வந்த இலவச அப்டேட்டுக்குப் பிறகு ஒருவர் கேப்டனாகவும் இன்னொருவர் டோடெட்டாகவும் சேர்ந்தே போகலாம்.

இதில்தான் எங்கள் வீட்டுக் கதை மாறியது. இருவருக்கும் திரை ஒன்றுதான். ஒருவர் திருப்பினால் மற்றவருக்கும் திரும்பிவிடும். ஆகவே கேட்டுவிட்டுத்தான் திருப்ப வேண்டும், சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். ஆரம்பத்தில் மகன் "மிகி! ஹிதாரி!" என்று கத்துவான். வலது, இடது என்று அர்த்தம். "கைதான், கைதான்" என்பான். நான் "எந்தக் கைடா?" என்று கேட்டுக் கையைப் பார்ப்பேன். ஜப்பானிய மொழியில் அது படிக்கட்டாம்! இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குள் கேப்டன் பள்ளத்தில் விழுந்தாகிவிட்டது.

அம்மாவுக்குப் புரிந்தால்தான் ஜெயிக்கலாம் என்று தெரிந்ததும், தமிழ் தானாக வந்தது. இடப்பக்கம், வலப்பக்கம், பின்னாடி, படி, ஏணி, மூலை, சந்து, "நில்லும்மா, ஒளிஞ்சுக்கோ!" எதிரிமேல் எறியும் டர்னிப்புக்கு அவன் வைத்த பெயர் 'முள்ளங்கி'. நான் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுத்தபோது வாயில் நுழையாத வார்த்தைகள் இவை.

மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டி போனில் வந்தபோது இவனே ஆரம்பித்தான். "பாட்டி, எங்க கேப்டன் குதிக்கவே மாட்டார். முதுகுல பெரிய மூட்டை." அவரும் விடவில்லை. "மூட்டையை எறக்கி வச்சிட்டுக் குதிக்கச் சொல்லேண்டா!" "இல்ல பாட்டி, அதுலதான் ரத்தினம் வைக்கணும்." கால் மணி நேரம் நீண்டது பேச்சு. நடுவில் ஜப்பானிய வார்த்தைகளும் விழுந்தன. என் மாமியார் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது ஞாயிறு வந்தால், "உன் மூட்டைக்காரன் எந்தக் கட்டத்துல இருக்கான்?" என்றுதான் முதல் கேள்வி.

ஆடிப் பார்க்க நினைக்கும் தோழிகளுக்குச் சில குறிப்புகள்:

* ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் தகராறு வராது.

* பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி ஆடாதீர்கள். அவன் சொல்லிக்கொடுக்க, நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் பேச்சு வளரும்.

* வேற்றுமொழி வார்த்தை வந்தால் திருத்தவோ திட்டவோ வேண்டாம். அதே வார்த்தையைத் தமிழில் நீங்கள் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

* இரண்டாம் கை கடைகளில் கிடைத்தால் வாங்கலாம். 2025-ல் வந்த 'ஸ்விட்ச் 2' கருவியிலும் இது ஓடுகிறது.

* இதே விளையாட்டுதான் வேண்டும் என்பதில்லை. இருவர் பேசிக்கொண்டு ஆடுவது எதுவானாலும் சரி. வீட்டில் இருந்தால் பல்லாங்குழியையும் எடுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னும் இருபது கட்டங்கள் பாக்கி இருக்கின்றன. உங்கள் வீட்டில் பிள்ளைகளைத் தமிழ் பேச வைத்தது எது? தோழிகள் எழுதினால் நானும் கற்றுக்கொள்வேன்.

- ஒரு வாசகி, டோக்கியோ