வலி நின்ற பல்

வாயும் நோயும் – 11

சொத்தை எனாமலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குவதைப் போன வாரம் பார்த்தோம். அது பல்லின் நடுவில் இருக்கும் பற்கூழைத் தொட்டபிறகு நடப்பதை இந்த வாரம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆபத்தான கட்டத்துக்குப் போய்விட்ட பல் நோயாளிகளில் பலர் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

பற்கூழ் என்பது ரத்தக்குழாயும் நரம்பும் நிறைந்த மிருதுவான சதை. உடம்பில் வேறெங்கு கிருமி புகுந்தாலும் அந்த இடம் வீங்கிக்கொள்ளும். பல்லுக்குள் வீங்க இடமே கிடையாது. சுற்றிலும் கெட்டிச் சுவர். உள்ளே அழுத்தம் ஏற ஏற நரம்பு நசுங்குகிறது. காபி பட்டால் உயிர் போகிறது. டம்ளரைக் கீழே வைத்து வெகுநேரம் ஆனபிறகும் விண் விண்ணென்று தெறிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் ராத்திரியில் இன்னும் மோசம். சில நாள் இந்த அவஸ்தை. பிறகு ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வலி இல்லை.

கிராம்புத் தைலம் கேட்டுவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த மாத்திரை நல்ல மாத்திரை என்பார்கள். பல் டாக்டரிடம் போகிற யோசனை அத்தோடு கைவிடப்படும். பல்லுக்குள் நடந்தது வேறு. பற்கூழ் செத்துவிட்டது. நரம்பு செத்தபிறகு வலி எங்கிருந்து வரும்? கிருமி மட்டும் சாகவில்லை. செத்த சதையைத் தின்று பெருகி, வேரின் நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகிறது. இதற்கு வாரங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம்.

எலும்புக்குள் சீழ் கட்டும்போது மறுபடி வலி வரும். ஆனால் இந்த வலியின் குணம் வேறு. சூடோ குளிர்ச்சியோ பட்டால் ஒன்றும் தெரியாது; கடித்தால்தான் வலிக்கும். அந்த ஒரு பல் மட்டும் உயரமாகிவிட்டது போல, வாயை மூடும்போது முதலில் இடிக்கும். கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினால் எந்தப் பல் என்று நோயாளியே சொல்லிவிடுவார். சிலருக்கு ஈறில் பரு போல ஒரு கட்டி எழும்பும், உடையும், வாயில் உப்புக் கரிக்கும், அத்தோடு எல்லாம் அடங்கும். சில வாரம் கழித்து மறுபடி எழும்பும். சீழுக்கு வெளியே போக வழி இருக்கும்வரை வலி இருக்காது. பல வருடம் இப்படியே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. இது நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயமில்லை. ஆனால் சில நாட்களுக்குள் பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார வேண்டிய விஷயம். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

சீழ் வெளியே போகும் வழி அடைபட்டாலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலோ, சீழ் வேறு வழி தேடும். எந்தப் பக்கம் எலும்பு மெலிசாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். அதனால் எந்தப் பல் என்பது மிக முக்கியம்.

மேல் கோரைப்பல் என்றால் மூக்கோரம் வீங்கி, கீழ் இமைவரை ஏறும். காலையில் எழும்போது ஒரு கண் திறக்கவே திறக்காது. கண்ணைச் சுற்றியுள்ள சிரைகளுக்கும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ரத்தத் தேக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்த வழியாகக் கிருமி உள்ளே போனால் பார்வைக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் ஊர்களில் சொல்லிச் சொல்லி எத்தனை பேரைத் தடுத்து வைத்திருக்கிறோம்! பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. சீழ் பிடித்த பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. அதை அப்படியே விட்டுவைப்பதில்தான் கண்ணுக்கு ஆபத்து இருக்கிறது.

மேல் கடைவாய்ப் பல் என்றால் சீழ் சைனஸ் அறைக்குள் போகலாம். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வடியும். சைனஸ் மருந்து மாதக்கணக்கில் சாப்பிட்டும் தீராத இப்படிப்பட்ட ஒற்றைப் பக்கத் தொல்லைக்குப் பல்லை ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றிலும் நான் பயப்படுவது கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களைப் பார்த்துத்தான். நாக்குக்கு அடியில் வாயின் தரையாக ஒரு தசை விரிந்திருக்கிறது. இந்த இரண்டு பற்களின் வேர் நுனிகள் பெரும்பாலும் அந்தத் தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. அங்கிருந்து கசியும் சீழ் வாய்க்குள் வராது. தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கும். அந்த இடமும் நாக்கின் அடிப்பக்கமும் மறுபக்கத் தாடையும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வூர்ட்டம்பர்க் அரச குடும்பத்துக்கு மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபோன் லுட்விக் 1836இல் இந்த நிலையை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே ‘லுட்விக் ஆஞ்சைனா’ என்கிறோம். இருதயத்தில் வரும் ஆஞ்சைனாவோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்றைக்கும் இது சாதாரண நோயல்ல. கொல்வது சீழ் அல்ல, மூச்சடைப்பு. கீழே வீங்க இடமில்லாமல் நாக்கு மேலும் பின்னும் தள்ளப்பட்டு மூச்சுக்குழல் வாசலை அடைக்கிறது. சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடலாம்.

இப்படி வருகிறவர்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்து உட்கார மாட்டார்கள். முன்னால் குனிந்து, வாயைத் திறந்தபடி, கையில் துண்டோடு இருப்பார்கள். எச்சிலை விழுங்க முடியாததால் துண்டில் ஒற்றிக்கொண்டே இருப்பார்கள். குரல், வாயில் சுடு சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வரும். தாடைக்கு அடியில் தொட்டால் மெத்தென்று இருக்காது, கட்டையாக இறுகியிருக்கும். கூட வந்தவர் சொல்வார்: “வலிகூட இப்ப அவ்வளவா இல்லீங்க டாக்டர், வீக்கம்தான் எறங்க மாட்டேங்குது.”

வலி எவ்வளவு என்பதை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். வீக்கம் எந்தப் பக்கம் போகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது, விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி என்று பாருங்கள். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நோயாளி தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்கட்டும். சாதாரணமாக நுழையும். நேற்று நுழைந்தது இன்று ஒரு விரலோடு நிற்கிறது என்றால் தாடைத் தசைவரை சீழ் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நாக்கை வெளியே நீட்டச் சொல்லுங்கள். தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க முடிகிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று முடியவில்லையென்றாலும், கண் மூடுகிற அளவு வீங்கியிருந்தாலும், வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தாலும், பல் தொந்தரவோடு கடும் தலைவலியோ குழப்பமான பேச்சோ சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். தெருமுனை பல் கிளினிக் இதற்குப் போதாது. அறுவை அரங்கும் மயக்க மருந்து நிபுணரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். இந்த அடையாளம் எதுவும் இல்லாமல் கன்னம் மட்டும் வீங்கி லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்றால், அன்றைக்கே பல் மருத்துவரைப் பார்த்தால் போதும்.

காய்ச்சல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பல் வலிக்குப் போடும் மாத்திரைகளில் பெரும்பாலானவை காய்ச்சலையும் தணித்துவிடும். மாத்திரை வேகத்தில் இருக்கும்போது உடம்பு சுடவில்லையே என்று திருப்திப்படக் கூடாது.

கிராமப்புறங்களில் இன்னொரு தாமதம் நடக்கிறது. தாடை வீங்கினாலே பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிடுவார்கள். பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னாலும் கீழேயும் வீங்கும். காது மடல் சற்று மேலெழும்பித் தெரியும். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும், அடுத்த சில நாட்களில் மறுபக்கமும் வீங்கும். பல்லால் வரும் வீக்கம் பெரும்பாலும் தாடை எலும்பின் விளிம்பை ஒட்டியிருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் அதே பக்கத்தில் ஒரு சொத்தைப் பல்லோ, பாதி முளைத்த ஞானப்பல்லோ இருக்கும். முப்பது, நாற்பது வயதுக்காரருக்கு ஒரு பக்கத் தாடை வீங்கினால் சங்கிலியைத் தேடுவதற்கு முன் டார்ச் லைட்டைத் தேடுங்கள்.

ஆன்டிபயாடிக் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சீட்டு இல்லாமல் வாங்கி இரண்டு நாள் போட்டு, வீக்கம் குறைந்ததும் நிறுத்திவிடுவது பரவலான பழக்கம். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை. பூட்டிய அறைக்குள் எலி செத்துக் கிடக்கும்போது வாசலில் ஊதுபத்தி ஏற்றுவதைப் போன்றது அது. சீழை வடிக்க வேண்டும், பல்லுக்குள் இருப்பதை அகற்ற வேண்டும். கிருமி உடம்புக்குள் பரவும் அறிகுறி இருந்தால் அதற்குத் துணையாகத்தான் ஆன்டிபயாடிக். அமெரிக்க பல் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலான பல் வலிகளில் பல்லுக்கான சிகிச்சைதான் தேவை, ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றே சொல்கிறது. வீக்கம் வற்றினால்தான் பல்லை எடுக்கலாம் என்று நம்பி நாளைக் கடத்துவதும் வேண்டாம். எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சீழை வடிக்கும்போதே பல்லையும் எடுப்பது வழக்கமாக நடப்பதுதான். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்து அழுத்துகிறார்களே, அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

காசு இல்லாததால் தள்ளிப்போடுகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துச் சிறுவன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். வயது 12. குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு அறுந்துபோயிருந்தது. தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்குச் சீழ் பிடித்த பல்லிலிருந்து கிருமி மூளைவரை போயிருந்தது தெரிந்தது. இரண்டு முறை மூளையில் அறுவை செய்தும் 2007 பிப்ரவரியில் இறந்துபோனான். அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. ஆஸ்பத்திரிச் செலவு சுமார் இரண்டரை லட்சம் டாலர். 2009இல் அந்நாட்டில் குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் புதுப்பித்தபோது பல் சிகிச்சையும் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு ஒரு பிள்ளையின் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பல் எடுக்கக் காசில்லை என்று யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் சீக்கிரம் வர வேண்டும். நாட்டில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு ஈறோடு நிற்கும் சீழ் இவர்களுக்குக் கழுத்துக்கு இறங்கிவிடும்; சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் இறங்காது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். இருதய வால்வில் கோளாறு இருந்தாலோ, செயற்கை வால்வு பொருத்தியிருந்தாலோ பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் பிரசவம் முடியட்டும் என்று சீழைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். எந்த மாதமானாலும் சீழுக்கு வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் பேசுவதிலும் ஒரு கவனம் தேவை. ராத்திரி அவசரப் பிரிவில் “பல் வலி” என்று ஆரம்பித்தால், காலையில் பல் ஓ.பி.க்கு வாருங்கள் என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. “கழுத்து வீங்கியிருக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, படுத்தால் மூச்சு திணறுகிறது” என்று எது உண்மையோ அதை முதலில் சொல்லுங்கள். பல்லைப் பிறகு சொல்லலாம். நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். அவர் உட்கார விரும்பும்படி உட்காரட்டும். அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் காபி, ஜூஸ் எதுவும் கொடுக்க வேண்டாம். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார் என்பதை நினைவில் வைத்திருங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் அதைக் கட்டாயம் கேட்பார்.

(தொடரும்)