தோட்டத்திற்கு உதவும் சிறுநீர்

பெங்களூரில் குடியேறி வாழும் நம்மில் பலர், மாடியில் நான்கு தொட்டிகளிலேனும் கறிவேப்பிலையும் கத்தரியும் வளர்க்கிறோம். அவற்றுக்கு எரு வாங்கப் பொருள் செலவிடும் நாம், ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றிக் கொணரப்படும் காவிரி நீரை ஊற்றி, நல்லதோர் உரத்தை நாள்தோறும் சாக்கடையில் தள்ளிவிடுகிறோம். அவ்வுரமே சிறுநீர்.

நேயர்கள் முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. மாட்டின் கோமியத்தைத் தொழுவ மண்ணோடு வாரி வயலுக்கு இட்டவர்கள் நம் முன்னோர். மனிதர் கழிக்கும் தழைச்சத்தின் பெரும்பகுதி சிறுநீரிலேயே உள்ளது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அதில் உண்டு.

இத்துறையில் பெங்களூருக்குத் தனிச் சிறப்புண்டு. இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தார். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு, மேலே மண் பூசி, கிளறாமலே ஆறு முதல் எட்டுத் திங்களில் எருவாக்குவது அது. வேளாண் பாடநூல்கள் அதனைப் 'பெங்களூர் முறை' என்றே வழங்குகின்றன. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், இந்நகர வேளாண் பல்கலைக்கழக அறிஞர் மனிதச் சிறுநீரை மக்காச்சோளத்திற்கு இட்டு ஆராய்ந்தனர். ஜிப்சத்துடன், பல தவணைகளாகப் பாய்ச்சியபோது நல்ல விளைச்சல் கிட்டியது. ஜிப்சம் எதற்கெனில், சிறுநீரிலுள்ள உப்பின் சோடியம் மண்ணை இறுகச் செய்யும். அக்கேட்டை ஜிப்சம் தணிக்கும்.

ஆகவே அளவறிந்து இடுதல் வேண்டும். ஒரு பங்கு சிறுநீரில் பத்துப் பங்கு நீர் கலந்து, இலைமேற் படாது வேரோரம் ஊற்றி, மண்ணால் மூடுக. மூடாவிடில் அமோனியா காற்றிற் கலந்து சத்து வீணாகும், நாற்றமும் எழும். தொட்டியில் உப்புத் தேங்குமாதலால் இடையிடையே வெறுநீர் பாய்ச்சுக. சேமிக்க மூடியுள்ள பிளாஸ்டிக் கலமே ஏற்றது, உலோகம் அரிக்கும்.

எருக்குழிக்கோ நீர் கலக்க வேண்டுவதில்லை. உலர்ந்த சருகில் தழைச்சத்துக் குறைவு. சிறுநீரைத் தெளித்தால் ஈரமும் சத்தும் ஒருங்கே பெற்று விரைவில் மட்கும். காய்கறிக் கழிவு மிகுந்த ஈரக் குவியலுக்கு இது ஆகாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட நெறிகளின்படி, ஒரு குடும்பத்தின் சிறுநீரை அக்குடும்பம் உண்ணும் பயிருக்கே இடுவதாயின் சேமித்து வைக்கத் தேவையில்லை. கடைசியாக இட்டு ஒரு திங்கள் கழித்தே அறுவடை செய்தல் வேண்டும். பல வீட்டுச் சிறுநீராயின், 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் ஆறு திங்கள் மூடி வைத்தே எல்லாப் பயிருக்கும் இடலாம். நாள்தோறும் பறிக்கும் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் நேரே ஊற்றாது, மட்கிய எருவாக இடுவதே தக்கது. நோயுற்றோர், மருந்துண்போர் சிறுநீரை விலக்குக.

முதலில் ஒரு செடிக்கு மட்டும் இட்டுப் பார்ப்போம். பொது மாடியாயின், அண்டை வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிடுவதும் நன்று.