குமிழி நிற்காத குப்பி: நுரையீரல் கசிவை அடைப்பது எப்படி?

பெங்களூரு பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் சாலையில் நகருக்குள் போனால் அரசின் ராஜீவ் காந்தி மார்பு நோய் நிறுவனம் இருக்கிறது. எதிர்த்திசையில் பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் சிட்டி. இப்படிப்பட்ட பெரிய மருத்துவமனைகளின் ஐசியூவில் சில கட்டில்களுக்கு அடியில் தண்ணீர்க் குப்பி ஒன்று இருக்கும். நோயாளியின் மார்பிலிருந்து வரும் குழாயின் முனை அந்தத் தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. மூழ்கியிருக்கும். நுரையீரலில் ஓட்டை இருந்தால் கசியும் காற்று அதில் குமிழியிடும். 5 நாள் தாண்டியும் குமிழி அடங்காவிட்டால் அது ‘நீடித்த கசிவு’.

காசநோய் அரித்த நுரையீரல், பீடி, சிகரெட்டால் ஊதிப்போன காற்றறைகள், கடும் நிமோனியா எனக் காரணங்கள் பல. கொரோனா காலத்தில் வென்டிலேட்டரில் இருந்த சிலருக்கும் இது வந்தது.

எங்கே சிக்கல்?

ஓட்டை ஆற வேண்டுமானால் அந்த இடத்தில் காற்றோட்டம் குறைய வேண்டும். வென்டிலேட்டரோ அழுத்தத்தோடு காற்றை உள்ளே தள்ளுகிறது. உயிர் காக்கும் கருவியே புண்ணை ஆறவிடுவதில்லை. அதனால் ஆக்சிஜன் குறையாத அளவுக்குள் அழுத்தத்தையும் காற்றின் அளவையும் குறைப்பதே முதல் வேலை.

அடுத்தடுத்த வழிகள்

அறுவை சிகிச்சை செய்து தைக்கலாம். ஆனால் பலருக்கு அதைத் தாங்கும் உடல்நிலை இருக்காது. அவர்களுக்கு 1987 முதல் அறியப்பட்ட எளிய முறை ஒன்று உண்டு. நோயாளியின் சொந்த ரத்தத்தையே 50 முதல் 100 மில்லி வரை எடுத்து, உறையும் முன் மார்புக் குழாய் வழியே உள்ளே செலுத்துவார்கள். ரத்தம் திரும்பி வடியாமல், காற்று மட்டும் வெளியேறும்படி குழாயை உயரத் தூக்கிக் கட்டுவார்கள். உறைந்த ரத்தம் ஓட்டையை அடைக்கும். செலவு குறைவு. ஆனால் கிருமித்தொற்றோ குழாய் அடைப்போ ஏற்படாமல் கண்காணிக்க வேண்டும்.

இன்னொரு வழி, பிராங்கோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாயை விட்டு, கசியும் பகுதிக்குப் போகும் மூச்சுக்குழாய்க் கிளையில் பொருத்தும் ஒருவழி வால்வு. அந்தப் பகுதிக்குள் காற்று போகாது; சளி வெளியே வரும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கசிவுக்காக இதற்கு அமெரிக்கா 2008-இல் அனுமதி தந்தது. கசிவு நின்ற சில வாரங்களில் கழற்றிவிடலாம். விலைதான் தடை.

உறவினர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போதும் குப்பி மார்பைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். குமிழி வந்துகொண்டிருக்கும்போது குழாயை மடக்கவோ கிளிப் போடவோ கூடாது. வெளியேற வழியில்லாத காற்று இதயத்தையே நெருக்கிவிடும்.