பச்சையிலும் எத்தனை பச்சை!

துல்லியக் கமத்தொழில் என்றதும் செய்மதியும் ஆளில்லா விமானமுமே இன்று பலருடைய மனக்கண்ணில் தோன்றுகின்றன. அதில் வியப்பில்லை. அமெரிக்காவில் 1990களிலேயே, வந்து மோதும் தானியத்தின் விசையைக் கொண்டு விளைச்சலைக் கணிக்கும் கருவிகளை அறுவடை இயந்திரங்களிற் பொருத்திவிட்டார்கள். செய்மதிச் சமிக்ஞைகளில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அந்நாட்டு அரசாங்கம் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிய பின்னர், வயலின் எந்த மூலையில் எவ்வளவு விளைந்தது என்பதை வரைபடமாக்குதல் மேலும் எளிதாயிற்று. ஆயினும், அறுபட்ட கதிரின் மணிகள் அளக்கும் தட்டை வந்தடையச் சில வினாடிகள் செல்லும். அதற்குள் இயந்திரம் பல அடி முன்னே போய்விடும். இத்தாமதத்தைக் கணக்கிற் சேர்க்கவும், தராசில் நிறுத்த சுமையோடு ஒப்பிட்டுக் கருவியைத் திருத்தவும் அறியாதவர் கையில் அப்படம் சுவரில் மாட்டுவதற்கே உதவும்.

அவ்விலையுயர்ந்த கருவிகள் ஒருபுறமிருக்க, மாணவர் ஒருவர் தமது புத்தகப் பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய துல்லியக் கருவி ஒன்றைப் பற்றியே நாம் இங்கு கூற விரும்புகிறோம். இலை நிற அட்டை என்பது அதன் பெயர். யப்பானிய மாதிரியொன்றைத் தழுவி, பிலிப்பைன்ஸ் நாட்டு லொஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பியது. இளம்பச்சை முதல் கரும்பச்சை வரை நான்கு பட்டைகள். இரண்டு முதல் ஐந்து வரை இலக்கங்கள். அவ்வளவுதான்!

நெல்லிலையின் பச்சை, பயிரிலுள்ள நைதரசனைக் காட்டும் குறி. அது குறைந்தால் இலை வெளிறும். கூடினாலோ பயிர் தளதளவென்று வளர்ந்து கண்ணைக் கவரும்; பின்னர் சாயும், பூச்சியையும் நோயையும் விருந்துக்கு அழைக்கும். 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், நவம்பரில் அத்தடை நீங்கும்வரை யூரியாவுக்காக எமது கமக்காரர் பட்ட பாட்டையும் மறந்தவர் யார்? ஒரு பை யூரியாவின் அருமை அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

சென்ற காலபோகத்தில் மாணவர் சிலரோடு வயலொன்றுக்குச் சென்றிருந்தோம். விதைத்து ஒரு மாதமான பயிர். வயற்காரர் வரம்பில் யூரியாப் பையுடன் காத்திருந்தார். அவ்வயலுக்கு எல்லை இலக்கம் மூன்று. பத்துச் செடிகளைப் பார்த்து, ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவை அவ்வெல்லைக்குக் கீழே நின்றால் பசளை இடவேண்டும் என்பது விதி. முதல் மாணவன் ஓடியோடிப் பார்த்து, ஏழு செடிகள் குறைவு என்றான். வயற்காரர் பையின் கட்டை அவிழ்க்கக் குனிந்தார்.

அப்பொழுது மாணவி ஒருத்தி, “சேர், அவன் வெயிலுக்குள் பிடித்துப் பார்த்தவன்” என்றாள். உண்மைதான். நேர் வெயிலில் இலை பளபளத்து வெளிறியதுபோலத் தோன்றும். பார்ப்பவர் தம் உடலின் நிழலை இலைமேல் விழச்செய்ய வேண்டும். முழுதும் விரிந்த உச்சி இலையை, கிள்ளாமல், அதன் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்து ஒப்பிட வேண்டும். நோயுற்ற இலை ஆகாது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில், அதே ஆளே பார்த்தல் நன்று. ஏனெனில் கண்ணுக்குக் கண் பச்சை வேறுபடும். வகுப்பில் இவற்றை நாமே சொல்லிக் கொடுத்திருந்தோம். கரும்பலகையில் வெயில் அடிக்காது அல்லவா?

அம்மாணவி நிழல் செய்து மீண்டும் பத்துச் செடிகளைப் பார்த்தாள். மூன்றுதான் குறைவு. வயற்காரர் சிறிது நேரம் பயிரையே பார்த்து நின்றார். பின்பு கட்டை இறுக்கிப் பையைச் சைக்கிளில் ஏற்றினார்.

“மாஸ்ரர், அடுத்த கிழமையும் வாருங்கோ. ஆனால் இந்தப் பிள்ளையைத்தான் கூட்டிக்கொண்டு வரவேணும்” என்றார்.